லைன் நிக்குதுன்னு யாரு முதல்ல சொல்றாங்க?

பனியன் கம்பெனியில ப்ரொடக்‌ஷன் மேனேஜர்னு சொன்னா வெளியூர்ல இருக்குறவங்களுக்கு ஒரே படம் தான் மனசுல வரும், காதுல போனை வெச்சுகிட்டு, வரிசையா தையல் மெஷின் போட்ட லைனுக்கு நடுவுல நின்னு கத்திட்டிருக்குற ஒரு ஆளு. திருப்பூர்ல அப்படிப்பட்டவங்க நிறையவே இருக்காங்க. ஆனா அந்தக் கத்தலுக்கும் சாயங்காலம் பேக்கிங்குக்குப் போற பீஸ் கணக்குக்கும் பெருசா சம்பந்தம் இருந்து நான் பாத்ததில்ல. ஆர்டர் குடுக்குற பையருங்ககிட்ட பேசுற மெர்ச்சண்டைசரா வேலைக்குச் சேந்து அப்புறம் ஃபேக்டரி பக்கம் வந்தவன் நான், பல மேனேஜருங்ககிட்ட வேலை பாத்தாச்சு, இப்ப என் பொறுப்புலயும் லைன் ஓடுது. புதுசா சூப்பர்வைசர் ஆகுற தம்பிங்க "அண்ணா, மேனேஜர்னா என்னதான் பண்ணணும்"னு கேக்குறாங்க, டீ டைம்ல பாதி சொல்றேன், அதுக்குள்ள பெல் அடிச்சுருது, மீதி அப்படியே நின்னு போகுது. அதான் உக்காந்து முழுசா எழுதிரலாம்னு.

மொதல்ல ஒண்ணு. மேனேஜர் தன் கையால ஒரு பீஸ் கூட தைக்கிறதில்ல. கட்டிங் மாஸ்டர் வெட்டுறாரு, டெய்லருங்க தைக்கிறாங்க, கைமடிக்கிற பொண்ணுங்க அடுக்கிக் குடுக்குறாங்க, செக்கிங்ல பாத்து எடுக்குறாங்க, அயர்ன் மாஸ்டர் தேய்க்கிறாரு, பேக்கிங்ல பாலிபேக் போட்டு பெட்டி கட்டுறாங்க. இவங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வேலையை மேனேஜரை விட நல்லாவே செய்வாங்க. அப்ப மேனேஜருக்கு என்ன வேலைன்னா, இவங்கள்ல யாரும் சாமான் வரலைன்னு கையைக் கட்டிகிட்டு உக்கார்ற நிலைமை வராம பாத்துக்கிறது தான். சாயத்துக்குப் போன துணி வந்துச்சா, துணி அப்புறம் சுருங்காம இருக்க பண்ற காம்பாக்டிங் முடிஞ்சுதா, கழுத்துக்கு வெக்கிற ரிப் பட்டி வந்துச்சா, அந்த ரிப்போட ஷேடு பாடி துணியோட ஒத்துப் போகுதா, பிரிண்டிங் போன பேனல் திரும்பி வந்துச்சா, சைஸ் லேபிள் எண்ணிக்கை சரியா இருக்கா. திருப்பூர்ல நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், பிரிண்ட் ஒரு இடம், எம்ப்ராய்டரி ஒரு இடம்னு எல்லாமே வெளிய குடுத்து வாங்குற ஜாப் ஒர்க் தான், ஒரு டி-ஷர்ட் தையலுக்கு வர்றதுக்குள்ள ஊரையே ஒரு சுத்து சுத்திட்டுதான் வருது. அதனால மேனேஜரோட நாள்ல பாதி ஃபாலோஅப்லயே போயிரும், இதை வீண்வேலைன்னு நினைக்கிறவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணலை, வேலையே அதுதான்.

அடுத்தது, எங்க நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறது. சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டையே எடுத்துக்குங்க. ஷோல்டர் ஜாயின்ட், கழுத்துக்கு ரிப் வெக்கிறது, நெக் டேப், ஸ்லீவ் அட்டாச், சைடு அடிக்கிறது, கடைசியா கீழ் ஓரத்தை மடிச்சு அடிக்கிற பாட்டம் ஃபிளாட்லாக். மத்த எல்லா இடத்துலயும் மணிக்கு 90 பீஸ் போகுது, ரிப் வெக்கிற இடத்துல மட்டும் 60 தான் போகுதுன்னு வெச்சுக்குவோம். அந்த லைன் மணிக்கு 60 பீஸ் தான் குடுக்கும், அதுக்கு மேல ஒண்ணு கூட குடுக்காது. ஷோல்டர் அடிக்கிறவங்களை விரட்டுனா ரிப் வெக்கிறவங்க முன்னாடி பீஸ் கட்டுன பண்டல் மலையா குவியும், சைடு அடிக்கிற அக்காவை விரட்டுனா அவங்க முன்னாடி பீஸே இருக்காது, பாவம் அவங்க என்னத்தை அடிப்பாங்க. ரிப் பக்கம் இன்னொரு மெஷின் போடணும், இல்ல ரிப்பை ரவுண்டா அடிச்சு ரெடியா வெச்சுக் குடுக்க ஒரு ஆளைப் போடணும், இல்ல அந்த ஆபரேட்டர் நாற்காலி உயரம், லைட்டு, நூல் அடிக்கடி அறுந்து போகுதான்னு பாக்கணும். லைன்ல ஒரு தடவை மெதுவா நடந்தா போதும், பண்டல் எங்க குவிஞ்சு கிடக்குதோ அங்க பிரச்சனை, எங்க ஆளு பராக்கு பாத்துட்டு இருக்காங்களோ அதுக்கு முந்தின இடத்துல பிரச்சனை. இதை ஏசி ரூம்ல உக்காந்து எக்செல்ல பாத்தா சாயங்காலம் தான் தெரியும்.

ஆளுங்களை எங்க உக்கார வெக்கிறதுங்கறதும் இதோட சேந்தது தான். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை லீவு, திங்கக்கிழமை காலையில எத்தனை மெஷின் காலியா கிடக்கும்னு இந்த ஊர்ல யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, பொங்கல் தீபாவளி முடிஞ்சு வர்ற வாரம்னா கேக்கவே வேண்டாம். அந்த நேரத்துல ஓரம் சேத்து அடிக்கிற ஓவர்லாக்கும் தெரியும் ஃபிளாட்லாக்கும் தெரியும்ங்கற ஆளு நாலு பேர் இருந்தா லைன் ஓடும், இல்லைன்னா படுத்துரும். அந்த நாலு பேர் தானா வந்து நிக்க மாட்டாங்க, வேலை கம்மியா இருக்குற மாசத்துல உக்கார வெச்சு கத்துக் குடுத்திருக்கணும். அவசரத்துல யாரும் யாருக்கும் எதையும் கத்துக் குடுக்க முடியாது.

முதலாளிகிட்ட தேதி சொல்றது இன்னொரு பெரிய வேலை. நம்ம ஊர்ல எந்த ஆர்டர் வந்தாலும் முதல்ல வாயில வர்றது "பண்ணிரலாம்"ங்கற வார்த்தை தான், அந்தத் தைரியத்துல தான் இந்த ஊரே வளந்துச்சு, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா மேனேஜர் பேப்பர் எடுத்து கணக்கு போட்டே ஆகணும். 30 டெய்லர், 8 மணி நேரம்னா ஒரு ஆளுக்கு 480 நிமிஷம், மொத்தம் 14,400 நிமிஷம். அதுல பாதி தான் உருப்படியா தையலா மாறும்னு வெச்சா 7,200. ஒரு பீஸுக்கு 8 நிமிஷ வேலைன்னா ஒரு நாளைக்கு 900 பீஸ். அதுவும் ஸ்டைல் கைக்கு பழகுனதுக்கு அப்புறம், முதல் ரெண்டு மூணு நாள் இதுல பாதி வந்தாலே நல்லது. இந்தக் கணக்கை வெச்சு "சார், 20ஆம் தேதி முடியாதுங்க, 26 தான் முடியும், 20 வேணும்னா இன்னொரு யூனிட்ல ஒரு லைன் குடுங்க"ன்னு ஆர்டர் எடுக்குறப்பவே சொல்ற மேனேஜர் மேல முதலாளிக்கு அந்த நிமிஷம் கோபம் வரும். தலையை ஆட்டிட்டு வந்துட்டு 19ஆம் தேதி ராத்திரி போய் நிக்குறவர் மேல கோபம் வராது, நம்பிக்கையே போயிரும், அது திரும்பி வர்றது ரொம்ப கஷ்டம்.

இதெல்லாம் வேலை தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றது தான். நான் இத்தனை வருஷத்துல பாத்ததுல நல்ல மேனேஜரையும் மத்தவங்களையும் பிரிக்கிறது வேற ஒண்ணு. கெட்ட செய்தி அவர் காதுக்கு எவ்வளவு சீக்கிரம் வருதுங்கறது. இதை மட்டும் பாத்தா போதும்னு கூட சொல்லுவேன்.

ஊசி உடையுற விஷயத்தை எடுத்துக்குவோம். தைக்கிறப்ப ஊசி உடையுறது தினமும் நடக்குறது தான். குழந்தைங்க துணியில ஒரு துண்டு ஊசி மாட்டி கடைக்குப் போயிருச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால தான் எல்லா எக்ஸ்போர்ட் கம்பெனியிலயும் ஒரு ரூல், உடைஞ்ச ஊசியோட எல்லாத் துண்டையும் கொண்டு வந்து ரெஜிஸ்டர்ல ஒட்டுனாதான் புது ஊசி, ஒரு துண்டு கிடைக்கலைன்னாலும் அந்த மெஷின்ல இருக்குற பண்டலை மொத்தமா தனியா எடுத்து மெட்டல் டிடெக்டர்ல விடணும். ரூல் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான், போர்டுல அழகா எழுதி மாட்டியிருக்கும். ஆனா ஊசி உடைஞ்சு வந்து நிக்குற பொண்ணை எல்லார் முன்னாடியும் "மாசத்துக்கு எத்தனை ஊசிம்மா உடைப்ப"ன்னு கேட்டா அடுத்த தடவை அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? பக்கத்து மெஷின்காரங்ககிட்ட ஒரு ஊசி வாங்கிப் போட்டுகிட்டு கம்முனு தைக்கும். ரெஜிஸ்டரை மட்டும் பாத்தா அந்த லைன்ல ஊசியே உடையலைங்கற மாதிரி இருக்கும், மேனேஜரும் சந்தோஷமா இருப்பாரு. எனக்கு ரெஜிஸ்டர்ல எண்ணிக்கை திடீர்னு கம்மியாச்சுன்னா தான் இப்பல்லாம் பயம் வருது, யாரோ யாரையோ திட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.

கட்டிங்லயும் இதே கதை தான். லைக்ரா கலந்த துணி ரோல்ல இழுத்து சுத்தி வந்திருக்கும், அதைப் பிரிச்சு விரிச்சுப் போட்டு ஒரு நாளாவது ஆற விடணும், உடனே வெட்டுனா வெட்டுனதுக்கு அப்புறம் துணி சுருங்கி அளவு குறைஞ்சிரும். இது கட்டிங் மாஸ்டருக்கு மேனேஜரை விட நல்லா தெரியும். ஆனா ஷிப்மென்ட் தலைக்கு மேல நிக்குறப்ப "ஏன் மாஸ்டர் இன்னும் வெட்டலை"ன்னு ஒருத்தர் வந்து குதிச்சா அவர் என்ன பண்ணுவாரு, சொன்னா கேக்கவா போறாங்கன்னு துணியை வெட்டிருவாரு. அதே மாதிரி தான் சாய லாட் கலக்குறது, லாட்டுன்னா ஒரே தடவையில சாயம் போட்ட துணி. ஒரே கலர் தான், ஆனா ரெண்டு லாட்டுக்கு நடுவுல ஒரு மயிரிழை ஷேடு வித்தியாசம் இருக்கும், முன்பக்கம் ஒரு லாட்டு பின்பக்கம் ஒரு லாட்டு சேந்துருச்சுன்னா ட்யூப்லைட்டுல தெரியாது, வெயில்ல எடுத்துட்டுப் போனா பல்லை இளிக்கும். பேனல்ல ஒட்டுன ஸ்டிக்கர் நம்பர் மாறியிருக்குன்னு கைமடிக்கிற பொண்ணு முதல் பண்டல்லயே பாத்திருக்கும், நூத்துக்கு தொண்ணூறு தடவை பாத்திருக்கும், அதை யாருகிட்ட சொல்லலாம்னு அதுக்கு தெரிஞ்சிருக்கணும்.

சொல்ற நேரத்தைப் பொறுத்து செலவு எப்படி ஏறுதுன்னு பாருங்க. கட்டிங் டேபிள்ல தெரிஞ்சா பேனலை மாத்துனா போதும், பத்து நிமிஷ வேலை. லைன்ல தெரிஞ்சா பிரிச்சு தைக்கணும், ஓவர்லாக் பிரிச்சா ஓரம் வெட்டுப்பட்டு துணி வேற குறையும். செக்கிங்ல தெரிஞ்சா ஒரு நாள் ப்ரொடக்‌ஷன் ஆல்ட்டர்ல, அதாவது திருத்துற வேலையில, உக்காந்திருக்கும். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல தெரிஞ்சா அவ்வளவுதான். 5,000 பீஸ் ஆர்டர்னா எவ்வளவு தப்பு வரைக்கும் ஏத்துக்கலாம்னு சொல்ற ஏக்யூஎல்ல, வழக்கமான 2.5 கணக்குல செக் பண்ண வர்றவர் 200 பீஸ் உருவிப் பாப்பாரு, 10 டிஃபெக்ட் வரைக்கும் பாஸ், 11 வந்தா ஃபெயில். ஃபெயில் ஆச்சுன்னா பெட்டி எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி பாக்கணும், தூத்துக்குடிக்கு போக வேண்டிய கன்டெய்னர் போயிரும், கப்பலை விட்டாச்சுன்னா பையர் ஏர்ல அனுப்பச் சொல்லுவாரு, ஏர் பில்லு வந்தா அந்த ஆர்டர்ல லாபம்னு எழுதி வெச்ச இடத்துல நஷ்டம்னு எழுதணும். இத்தனைக்கும் முதல் பண்டல்ல ஒரு பதினெட்டு வயசுப் பொண்ணு பாத்துட்டு சொல்லலாமா வேண்டாமான்னு முழிச்ச விஷயம்.

நிட்டிங் மெஷின் ஓடுற இடத்துக்குப் போனவங்களுக்குத் தெரியும், நூல் ஒண்ணு அறுந்துச்சுன்னா லைட் எரிஞ்சு மெஷின் அதுவா நின்னுரும். ஓட்டையோட துணி மீட்டர் கணக்குல ஓடாம இருக்க அந்த ஏற்பாடு. ஜப்பான்ல சகிச்சி டொயோடாங்கறவர் 1924ல கொண்டு வந்த தானியங்கித் தறியிலயும் இதேதான், நூல் அறுந்தா தறி நின்னுரும். அவர் பையன் கீச்சிரோ 1937ல டொயோட்டா கார் கம்பெனி ஆரம்பிச்சப்புறம் அந்த யோசனை கார் ஃபேக்டரிக்கும் போயி, பின்னாடி அங்க லைன் பக்கத்துல ஒரு கயிறு தொங்க விட்டாங்க, தப்பு ஏதாவது பாத்தா எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், சூப்பர்வைசர் ஓடி வருவாரு, அங்கேயே சரியாகலைன்னா லைனே நிக்கும். நெசவுத் தொழில்ல பொறந்த யோசனை அது, நம்ம தொழில்! மெஷினுக்கு அந்த ஏற்பாட்டை வெச்சிருக்கோம், மெஷின் முன்னாடி உக்காந்திருக்குற மனுஷிக்கு வெக்க மாட்டேங்கறோம்னு நினைச்சா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கும்.

சரி, சொல்லுங்க சொல்லுங்கன்னு மீட்டிங்ல சொன்னா சொல்லிருவாங்களா? மாட்டாங்க. இதுல பெரும்பாலான மேனேஜருங்க கவனிக்காத ஒரு விஷயம் பீஸ் ரேட். கான்ட்ராக்ட்ல தைக்கிற அக்காவுக்கு பீஸுக்கு இவ்வளவுன்னு தான் காசு. தப்பைப் பாத்துட்டு நிறுத்தி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, அவர் வந்து பாத்து, மெக்கானிக் வந்து நூல் டென்ஷன் சரி பண்ணி முடிக்கறதுக்குள்ள அரை மணி நேரம் போச்சு, அந்த அரை மணி நேரக் காசு அவங்க சேலைத் தலைப்புல இருந்து போகுது. நல்லது பண்ணுனதுக்கு தண்டம் கட்டுற மாதிரி. அப்புறம் எப்படி சொல்லுவாங்க? நான் பாத்த ஒரு மேனேஜர், வயசானவர், அதிகம் பேச மாட்டாரு, அவர் இதுக்கு ஒரு வழி வெச்சிருந்தாரு. தப்பு சொல்லி மெஷின் நின்னா அந்த நேரத்துக்கு ஷிப்ட் கணக்குல காசு, சனிக்கிழமை சம்பளத்தோடவே, கேக்காமலே. கான்ட்ராக்டர்கிட்ட முன்னாடியே பேசி எழுதி வாங்கிருவாரு. யாராவது வந்து "சார், இப்படி இருக்குது"ன்னு சொன்னா அவர் வாயில வர்ற முதல் கேள்வி "எந்த பண்டல்ல இருந்தும்மா?"ன்னு தான். யாரு பண்ணுனதுன்னு கேக்கவே மாட்டாரு, பண்டல் நம்பர் தெரிஞ்சா யாருன்னு தானா தெரிஞ்சிரும், அதை அப்புறமா தனியா கூப்பிட்டு பேசுவாரு. அப்புறம் அந்த இடத்துக்கே நடந்து போவாரு, போன்ல பேசி முடிக்க மாட்டாரு. அடுத்த நாள் காலையில சொன்னவங்ககிட்ட வந்து "அது சாயப்பட்டறையில லாட் மாத்தி அனுப்பிட்டாங்கம்மா, திருப்பி அனுப்பியாச்சு"ன்னு முடிவு என்னாச்சுன்னு சொல்லிட்டுப் போவாரு. இந்தக் கடைசி வேலையை மட்டும் யாரும் செய்ய மாட்டாங்க, எனக்கு அதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்னு படுது. சொன்னதுக்கு ஏதோ நடந்துச்சுன்னு தெரிஞ்சா தான் மனுஷன் அடுத்த தடவை வாயைத் திறப்பான்.

இப்ப லைன்ல பாஷையும் ஒரு சுவரா நிக்குது. பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம்னு எங்கெங்கிருந்தோ வந்து தைக்கிறாங்க, அவங்களுக்கு நம்ம பேச்சு புரியறதுக்கே மாசங்கள் ஆகும், நம்ம சூப்பர்வைசருக்கு ஹிந்தியில "ஜல்தி ஜல்தி" மட்டும் தான் தெரியும். அப்ப கீழ இருந்து மேல வர்ற செய்தி சுத்தமா அடைபட்டுப் போகுது. ரெண்டு பாஷையும் பேசுற ஒரு பொண்ணையோ பையனையோ ஒவ்வொரு லைன்லயும் உக்கார வெச்சு, அந்த வேலைக்குன்னு தனியா கொஞ்சம் காசும் குடுத்தா போதும், டேமேஜ் குறையுறதுலயே அந்தக் காசு வந்துரும். இதை எத்தனை கம்பெனி பண்றாங்கன்னு சுத்திப் பாத்தா விரல் விட்டு எண்ணிரலாம்.

கீழ இருந்து வர்ற செய்தி ஒரு பாதி, மேனேஜர் மேலயும் வெளியயும் சொல்ற செய்தி இன்னொரு பாதி. 2011 ஜனவரியில நொய்யல் ஆத்து மாசு வழக்குல மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு போட்டு திருப்பூர்ல 700க்கும் மேல சாயப்பட்டறை மூடுனாங்க. ஆறு செத்துக் கிடந்துச்சு, கீழ ஒரத்துப்பாளையம் அணை பக்கம் விவசாயிங்க பட்ட பாட்டுக்கு அந்த உத்தரவு நியாயம் தான், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா ஃபேக்டரியில வெள்ளைத் துணி மூட்டை மூட்டையா நின்னுச்சு, சாயம் போட இடமில்ல. சில பேர் அந்த வாரமே பையருக்கு நிலைமையை சொல்லி தேதி மாத்தி வாங்கி, துணியை வெளி மாநிலத்துக்கு ஏத்தி விட்டு சாயம் போட்டு வாங்குனாங்க. இன்னைக்கு திறந்துருவாங்க நாளைக்கு திறந்துருவாங்கன்னு பையருக்கு "ஆன் டைம்"னு மெயில் அனுப்பிட்டு காத்திருந்தவங்களும் உண்டு, அவங்க பாடு ரொம்ப மோசமா போச்சுன்னு பழைய ஆளுங்க இன்னைக்கும் சொல்லுவாங்க.

2025 ஆகஸ்ட் கடைசியில அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப லைன்ல எல்லாருக்கும் போன்ல செய்தி வந்துருச்சு, மேனேஜர் சொல்றதுக்கு முன்னாடியே. ஒன்னரை ஷிப்ட் இருக்குமா, வேலையே இருக்குமா, ஊருக்கு டிக்கெட் போடலாமான்னு கண்ணுலயே கேக்குறாங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வேலையைப் பாருங்க"ன்னு சொல்றது ரொம்ப சுலபம். அதை யாரும் நம்பறதும் இல்ல. கையில எத்தனை வாரத்துக்கு ஆர்டர் இருக்கு, எந்த பையரோடது நிறுத்தி வெச்சிருக்கு, ஓவர்டைம் குறையும், ஷிப்ட் குறையாதுன்னு தெரிஞ்ச அளவுக்கு நேரா நின்னு சொன்ன யூனிட்ல ஆளுங்க நின்னாங்க. ஆளு போயிட்டா திரும்ப ஆர்டர் வர்றப்ப மெஷின் மட்டும் தான் இருக்கும்ங்கறது இந்த ஊருக்கு 2020 லாக்டவுன்லயே தெரிஞ்ச கணக்கு.

கடைசியா ஒண்ணு சொல்லணும், இது ரொம்ப நாளா மனசுல இருக்குறது. லைன்ல உக்காந்து தைக்கிறவங்கள்ல, செக்கிங்ல நிக்குறவங்கள்ல பெரும்பாலும் பொம்பளைங்க. சூப்பர்வைசர், மேனேஜர்னு பாத்தா பெரும்பாலும் ஆம்பளைங்க. பதினைஞ்சு வருஷம் ஓவர்லாக் ஓட்டுன அக்காவுக்கு எந்த இடத்துல பீஸ் நிக்கும், எந்தப் பொண்ணுக்கு உடம்பு முடியலை, எந்த ரோல் துணி மக்கர் பண்ணும்னு எல்லாம் தெரியும், அவங்ககிட்ட தான் மத்த பொண்ணுங்களும் முதல்ல போய் சொல்லுவாங்க. கெட்ட செய்தி சீக்கிரம் வரணும்னு ஆசைப்பட்டா அது ஏற்கனவே போய்ச் சேர்ற இடத்துல தானே பொறுப்பைக் குடுக்கணும். படிப்பு இல்லை, கம்ப்யூட்டர் தெரியாது, ராத்திரி நிக்க முடியாதுன்னு காரணம் சொல்லுவாங்க. மணிக்கு எத்தனை பீஸ்னு எழுதுற அவர்லி ரிப்போர்ட் போடறது ஒரு வாரத்துல கத்துக்கலாம், ராத்திரி நிக்குற அளவுக்கு ப்ளானிங்கை கெடுத்துக்காம இருக்குறதும் மேனேஜரோட வேலை தான். எங்க யூனிட்ல ரெண்டு அக்காங்களை சூப்பர்வைசர் ட்ரெயினிங்குக்கு அனுப்பணும்னு கேட்டு முதலாளிகிட்ட சரின்னு வாங்கியாச்சு. ஒருத்தங்க திங்கக்கிழமையில இருந்து வர்றேன்னுட்டாங்க, இன்னொருத்தங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு சொல்றேன்னிருக்காங்க, தேவைப்பட்டா நானே அந்த அண்ணனைப் போய்ப் பாத்து பேசிட்டு வரலாம்னு இருக்கேன்.